1.9 கிலோவில் பிறந்தவருக்குச் சர்க்கரை ஏன்?

வணக்கம். நாங்கள் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். என் கணவருக்கு 42 வயது. ஒல்லியான உடம்பு, குடி, சிகரெட் கிடையாது. போன மாதம் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். பிறந்தபோது 1.9 கிலோதான் இருந்தாராம், மாமியார் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கேயோ படித்தேன். உண்மையா? இன்னொன்று. நாத்தனார் மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். "வயிறு முட்டச் சாப்பிடாதே, பிள்ளை பெருத்தால் ஆபரேஷன்தான்" என்று மாமியார் தடுக்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

சம்பந்தம் உண்டு. ஆனால் ஒரு தனி மனிதரைக் காட்டி, இவருக்குச் சர்க்கரை வந்தது அந்த 1.9 கிலோவால்தான் என்று யாரும் அறுதியிட முடியாது. பரம்பரை, சாப்பாடு, உட்கார்ந்தே பார்க்கும் வேலை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. மாமியாரிடம் ஒன்று கேளுங்கள்: நிறைமாதத்தில் பிறந்தாரா, எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாரா? எட்டாம் மாதக் குழந்தைக்கு 1.9 கிலோ அந்த மாதத்துக்கு ஏற்ற எடையாகவே இருந்திருக்கலாம். நிறைமாதத்தில் அந்த எடை என்றால், உள்ளே வளர்ச்சி தடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

குறைந்த பிறப்பு எடைக்கும் பிற்கால நோய்களுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க உதவியவை பழைய பேரேடுகள். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைச் செவிலியர்கள் எழுதி வைத்திருந்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் அதைத் தேடியெடுத்து, எடை குறைவாகப் பிறந்த ஆண்கள் பிற்காலத்தில் மாரடைப்பில் அதிகம் இறந்திருந்ததை 1989இல் வெளியிட்டார்கள். நம் பக்கத்திலும் உண்டு. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதலான பிறப்புக் குறிப்புகளை வைத்து 1996இல் வந்த ஆய்வும் இதய நோயைப் பற்றி இதையே சொன்னது.

உள்ளே நடப்பது இதுதான். வரவு குறைந்த வீட்டில் எதை முதலில் நிறுத்துவோம்? கருவும் அப்படித்தான். ரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிட்டு, சதை (தசை), கல்லீரல், கணையம், சிறுநீரகம் ஆகியவற்றின் பங்கைக் குறைத்துக்கொள்ளும். சர்க்கரையை எரிப்பதில் பெரும்பங்கு சதைக்கு. இன்சுலின் சுரப்பது கணையம். இரண்டுமே குறைந்த முதலோடு தொழில் தொடங்குகின்றன. சிறுநீரகத்தில் வடிகட்டும் நெஃப்ரான்கள் கர்ப்பத்தின் 36ஆம் வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்றுகூடப் புதிதாக வராது.

"ஒல்லியானவருக்கு எப்படி?" என்ற குழப்பத்துக்குப் புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழு செய்த ஆய்வு பதில் சொல்கிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் சுமார் 3.5 கிலோ. சதையும் வயிற்றுச் சுற்றளவும் வெகுவாகக் குறைந்திருந்தன. தோலுக்கடியில் இருந்த கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஆகவே உங்கள் கணவரின் எடையை நம்பாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்து அளங்கள். 90 செ.மீ.யைத் தாண்டினால் தொப்பைதான். நடைப்பயிற்சி மட்டும் போதாது. வாரம் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து எழுவது, எடை தூக்குவது என்று சதையை வளர்க்கும் பயிற்சியும் வேண்டும். ரத்த அழுத்தம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள். மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தட்டும், சிறுநீரகத்துக்கு ஆகாது.

இனி மாமியார் சொல்வது. சாப்பாட்டைக் குறைத்தால் குழந்தை மெலியும், சரி. ஆனால் கடைசியாகச் சுருங்குவது தலை. பிரசவத்தில் வழி கேட்பதும் அந்தத் தலைதான். சதையும் சிறுநீரகமும் போய், சிக்கல் அப்படியே நிற்கும். எடை மட்டும் தப்பினாலும் போதாது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது, கர்ப்பத்தின் தொடக்கத்தில் மட்டும் பட்டினி கிடந்த தாய்மார்களின் பிள்ளைகள் சரியான எடையில்தான் பிறந்தார்கள். நடுவயதில் இதய நோய் அவர்களிடம் அதிகமாக இருந்தது.

பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பதற்கு முக்கியக் காரணம் தாயின் சர்க்கரை. அது கருவுக்குக் கடந்து போக, கருவின் கணையம் இன்சுலினைக் கூட்ட, கொழுப்பு சேர்கிறது. அந்தக் குழந்தைக்கும் பின்னால் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். மாமியாரின் பயத்துக்கு மருந்து சோற்றைக் குறைப்பதில் இல்லை, சோதனையில் இருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கலந்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். வெறும் வயிறு கட்டாயமில்லை. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். முதல் பரிசோதனையில் சரியாக இருந்தாலும் 24–28 வாரத்தில் மறுபடி உண்டு; ஐந்தாம் மாதம் முடிந்ததும் நினைவூட்டுங்கள்.

சாப்பாடு "இரண்டு பேருக்கு" வேண்டாம். நான்காம் மாதத்திலிருந்து கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்குச் சுமார் 350 கலோரி: ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. கடலூர் துறைமுகத்து மத்தியும் நெத்திலியும் அருமையானவை. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்பது இந்தக் கடற்கரையின் வழக்கம். கர்ப்பத்தில் அது வேண்டாம், பாதரசம் அதிகம் சேரும் மீன்.

அரசு கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதைக் கால்சியத்தோடு சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் ஏறாது. இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். காபி, டீயும் தள்ளி. மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயந்து நிறுத்த வேண்டாம். சைவம் என்றால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். புனேயில், பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. ஃபோலிக் மாத்திரையைத் தானாகக் கூட்டிப் போடுவதும் கூடாது.

குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தாலும் தேற்றலாம்: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை. முதல் இரண்டு வருடத்தில் பிடிக்கும் எடையும் உயரமும் நல்லது. அதற்குப் பிறகுதான் கவனம். டெல்லியில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து முப்பது வயதுவரை தொடர்ந்த ஆய்வில், சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வயதில் ஒல்லியாக இருந்து பின்னால் வேகமாக எடை போட்டவர்கள். "எலும்பும் தோலுமா இருக்கானே" என்று அப்போது பிஸ்கட்டும் சத்துமாவுப் பானமும் திணிக்க மாமியார் கிளம்புவார்கள். அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் அட்டையில் குறிக்கச் சொல்லி, அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.