முழுத் தீர்வு என்று கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: புயலில் எங்கள் வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் பெயர்ந்துவிட்டது. தொடர்ந்து பெய்த மழையில் மாடி அறைகள் இரண்டும் நனைந்து சுவர், சீலிங், வயரிங் எல்லாம் பாழ். வீட்டு இன்ஷூரன்ஸுக்குப் பல வருடங்களாகத் தவறாமல் பிரீமியம் கட்டிவருகிறோம். க்ளெய்ம் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. எங்கள் ஃபைலைப் பார்க்கும் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். கொடுத்த ஆவணங்களையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இப்போது கான்ட்ராக்டர் சொன்ன செலவில் பாதிக்கும் குறைவான ஒரு தொகையைச் சொல்லி, 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை ஒரு பக்கம், இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை ஒரு பக்கம். கிடைத்ததை வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம் என்கிறார் கணவர். பெர்சனல் லோன் எடுத்து வேலையை முடித்துவிட்டு அப்புறம் போராடலாமா? அடுத்த வருடம் இதே நிறுவனத்தில் பாலிசியைப் புதுப்பிக்கலாமா?

பதில்: அந்தத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காகப் பணத்தை வேண்டாம் என்று தள்ளவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு விஷயம். அவர்களே கணக்குப் போட்டு, தர வேண்டும் என்று ஒப்புக்கொண்ட தொகையில் தகராறு எதுவும் இல்லை. மீதித் தொகையில்தான் தகராறு. எனவே, "நீங்கள் ஒப்புக்கொண்ட தொகையை இப்போது பகுதித் தொகையாகத் தாருங்கள், மீதியைக் கேட்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தர வேண்டிய பணத்தை ஒரு கையெழுத்துக்காகப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுக்க எந்த அதிகாரியும் தயங்குவார். எழுதிக் கொடுத்தால், பின்னால் போகும் புகாரில் உங்களுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவர் அலுத்துப்போயிருக்கிறார். இழுத்தடிப்பு வேலை செய்வதே அந்த அலுப்பை வைத்துத்தான். ஐந்து மாதத்தில் நிறுவனத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை, உங்களுக்குத் தர வேண்டிய பணம் அவர்களிடமே இருக்கிறது. உங்களுக்கோ மாதாமாதம் தவணையும் வாடகையுமாக இரட்டைச் செலவு. திட்டம் போட்டுத்தான் செய்கிறார்களா, நிர்வாகக் குளறுபடியா என்பது உங்களுக்குத் தேவையில்லாத ஆராய்ச்சி. எதுவானாலும் சுமை உங்கள் தலையில்தான் ஏறுகிறது. பெரிய புயலுக்குப் பிறகு க்ளெய்ம்கள் குவியும், சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடும் சர்வேயர்கள் போதாமல் போவார்கள், சில வாரங்கள் கூடுதலாகும். அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆள் மாறியதற்காக அதே ரசீதைத் திரும்பவும் கேட்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

சட்டங்களும் இதைத் தவறு என்றே பார்க்கின்றன. பிரிட்டனில் 2017 மே 4 முதல் போடப்படும் இன்ஷூரன்ஸ் ஒப்பந்தங்களில், நியாயமான காலத்துக்குள் பணம் தர வேண்டும் என்ற நிபந்தனை, தனியாக எழுதாவிட்டாலும், அடங்கியிருக்கிறது. அதை மீறியதால் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைத் தனியாகக் கேட்கலாம். இந்தியாவில் காலக்கெடு தாண்டிய க்ளெய்முக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி சேர்த்துத் தர வேண்டும். கனடாவில் 1994 ஜனவரியில் ஒரு குடும்பத்தின் வீடு நடுராத்திரியில் எரிந்துபோனது. உறைபனியில் இரவு உடையோடு வெளியே ஓடி வந்தவர்கள். தீயணைப்புத் துறைத் தலைவர், நிறுவனமே அனுப்பிய மதிப்பீட்டாளர் என்று எல்லோரும் சதி எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும், வீட்டுக்காரர்களே தீ வைத்தார்கள் என்று நிறுவனம் நின்றது. குறைந்த தொகைக்கு அவர்களை இறங்கிவர வைப்பதுதான் நோக்கம் என்றே நீதிமன்றம் பார்த்தது. க்ளெய்ம் தொகை போக, தண்டனையாக மட்டும் 10 லட்சம் கனடிய டாலர் தர வேண்டும் என்பது 2002ல் கனடா உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. அந்தக் குடும்பம் அதற்கு எட்டு வருடம் காத்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நீதிமன்றம் வரை போகாமல் முடிப்பதுதான் உங்களுக்கு நல்லது. அதற்கு வழி, அவர்கள் போட்ட கணக்கைப் பிரித்துப் பார்ப்பது.

சர்வேயர் அறிக்கையின் நகலையும், தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற விவரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கான்ட்ராக்டரின் எஸ்டிமேட்டைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். ரேட்டில் வித்தியாசம் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் பார்த்தவற்றில் பெரிய ஓட்டை பெரும்பாலும் அளவில் இருக்கிறது. கான்ட்ராக்டர் அறையின் நான்கு சுவருக்கும் பூச்சு வேலை எழுதியிருப்பார். சர்வேயர் அறிக்கையில் கறை தெரிந்த இடத்துக்கு மட்டும் சில சதுர மீட்டர் இருக்கும். மழை நின்று பல நாள் கழித்து வந்து பார்த்தால் சுவரின் மேற்பரப்பு காய்ந்திருக்கும், பூச்சுக்குள் ஓதம் அப்படியே இருக்கும். ஈரப்பத மீட்டரை வைத்து அளந்தால் தெரிந்துவிடும், ஆனால் அறிக்கையில் அந்த அளவீடே இருக்காது. அடுத்தது, எழுதப்படாமலே போன வேலைகள்: சாரம் கட்டும் கூலி, இடிபாட்டை அள்ளி அப்புறப்படுத்தும் செலவு, வயரிங்கைச் சோதிக்கும் செலவு, வரி. கூரையை மாற்ற ஒத்துக்கொண்டு, கூரைக்கு ஏறும் செலவை விட்டுவிடுகிற அறிக்கைகள் உண்டு. விட்டுப்போன ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி, இது ஏன் சேர்க்கப்படவில்லை என்று கேளுங்கள். 'தொகை போதாது' என்று பொதுவாக எழுதினால், 'எங்கள் முடிவில் மாற்றமில்லை' என்று பொதுவாகவே பதில் வரும். பன்னிரண்டு வரிக்குக் கேள்வி எழுப்பினால் பன்னிரண்டுக்கும் பதில் எழுத வேண்டியிருக்கும்.

அப்புறம் தேய்மானம். உங்கள் பாலிசி புதிதாக மாற்றித் தரும் அடிப்படையில் உள்ளதா, தேய்மானம் கழித்துத் தரும் அடிப்படையில் உள்ளதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், இருபது வருடம் உழைக்கும் கூரைக்குப் பத்து வயது ஆகியிருந்தால் பாதியைக் கழிப்பார்கள். கசப்பாக இருந்தாலும் ஒப்பந்தம் அதுதான். ஆனால் முதல் வகைப் பாலிசியிலும் பல நிறுவனங்கள் முதலில் தேய்மானம் கழித்த தொகையைத் தந்து, வேலை முடிந்து பில் கொடுத்ததும் மீதியைத் தரும். அந்த மீதி தானாக வராது, கேட்க வேண்டும், அதற்குக் கெடுவும் இருக்கும். உங்களுக்குச் சொன்ன 'பாதிக்கும் குறைவான' தொகையில் இப்படிப் பிடித்து வைத்தது எவ்வளவு என்று தெரியாமல் அது குறைவா நியாயமா என்று சொல்லவே முடியாது. கையெழுத்துப் போட்டால் அந்த மீதியும் சேர்ந்து போய்விடலாம். கூலிக்கும் தேய்மானம் போட்டிருந்தால் ஆட்சேபம் எழுதுங்கள். பொருள் பழையதாகும், நாளைக்குச் செய்யப்போகும் வேலையின் கூலி எப்படிப் பழையதாகும்? நீதிமன்றங்கள் இதில் இரண்டு விதமாகவும் தீர்ப்பு சொல்லியிருக்கின்றன, அதனாலேயே கேட்காமல் விடக் கூடாது.

காப்பீட்டுத் தொகை குறைவாக இருந்தாலும் வெட்டு விழும். வீட்டைத் திரும்பக் கட்ட 100 ஆகும் என்ற நிலையில் 60க்கு மட்டும் காப்பீடு எடுத்திருந்தால், 20 நஷ்டத்துக்கு 12தான் வரும். மொத்த நஷ்டமும் 60க்குள்தானே இருக்கிறது என்ற வாதம் எடுபடாது. ஆனால் அந்த 100 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மனையின் விலையையும் சேர்த்து மதிப்புப் போட்டிருந்தால் அது தவறு, கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவு மட்டும்தான் கணக்கு. சில பாலிசிகளில் இந்த விகித வெட்டே கிடையாது என்று எழுதியிருக்கும். அதையும் பாருங்கள்.

காற்றால் வந்த சேதமா, வெள்ளத்தால் வந்த சேதமா, பழைய கசிவா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. 2005ல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலுக்குப் பிறகு மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு பொறியாளர் அறிக்கைகள் வந்தன. காற்றுதான் முக்கியக் காரணம் என்றது முதல் அறிக்கை, தண்ணீர் என்றது பிறகு வந்த இரண்டாவது. காற்றுச் சேதம் என்றால் நிறுவனம் தன் கையிலிருந்து தர வேண்டும், வெள்ளம் என்றால் அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தரும். க்ளெய்ம் வேலை பார்த்த இரண்டு சகோதரிகள் இதை வெளியே கொண்டுவந்து வழக்குப் போட்டார்கள். 2013ல் ஜூரி நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதனால் உங்கள் வீட்டுக்கும் ஒன்றுக்கு மேல் அறிக்கை எழுதப்பட்டிருந்தால் எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். 'பராமரிப்பின்மை', 'நாளடைவில் ஏற்பட்ட கசிவு' என்ற சொற்கள் அறிக்கையில் இருந்தால், புயலுக்கு முன்பு அந்த அறைகளில் எடுத்த குடும்பப் போட்டோக்களைத் தேடி எடுங்கள். பிறந்தநாள் படத்தில் பின்னால் தெரியும் கறையில்லாத சீலிங் நல்ல சாட்சி.

சர்வேயர் சொன்னதுதான் முடிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை இல்லை, தகுந்த காரணம் இருந்தால் அதிலிருந்து விலகலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2009ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சொந்தமாக ஒரு கட்டடப் பொறியாளரை வைத்து அறிக்கை வாங்குங்கள். உங்கள் நிலைமையில் நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யும் ஒரே செலவு இதுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மோசடியாலோ நெருக்கடி கொடுத்தோ வாங்கிய கையெழுத்து வழக்குக்குத் தடை இல்லை என்று அதே நீதிமன்றம் 1999ல் சொன்னது. ஆனால் நெருக்கடி இருந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

லோன் விஷயத்துக்கு வருகிறேன். முழு வேலைக்கும் பெர்சனல் லோன் எடுக்க வேண்டாம். வட்டி அதிகம் என்பது ஒரு காரணம். தவணை ஏறினால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய அவசரமும் ஏறும் என்பது அதைவிடப் பெரிய காரணம். சேதம் மேலும் பரவாமல் தடுக்கும் வேலைகளை மட்டும் இப்போதே செய்யுங்கள்: கூரையை மூடுவது, ஈரத்தை உலர்த்துவது, ஆபத்தான வயரிங்கைத் துண்டிப்பது. பாலிசியே அதை உங்கள் கடமை என்கிறது, செய்யாவிட்டால் பிறகு வந்த சேதத்துக்குப் பணம் தர மறுப்பார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, பில்லை வைத்துக்கொள்ளுங்கள். பெயர்த்து எடுத்த சீலிங் துண்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு மூலையில் போட்டு வையுங்கள். அடுத்து, மாற்று வீட்டு வாடகை உங்கள் பாலிசியில் அடங்குமா என்று பாருங்கள். பல வீட்டுப் பாலிசிகளில் அடங்கும், கேட்காததால் விட்டுப்போகிற பணம் இது. கடன் கொடுத்த வங்கிக்கும் நிலைமையை எழுதி, சில மாதத் தவணையைத் தள்ளி வைக்கக் கேளுங்கள். அடமானமாக இருப்பது அந்த வீடு, அது சரியாக வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்கும் உண்டு. வங்கியின் பெயர் பாலிசியில் இருந்தால் க்ளெய்ம் பணம் முதலில் அங்கேதான் போகலாம், அதையும் இப்போதே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 'க்ளெய்மை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று கான்ட்ராக்டர் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அப்புறம் தகராறு உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

இனிமேல் போனில் பேசுவது எதையும் போனோடு விடாதீர்கள். பேசி முடித்ததும், யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார் என்று அன்றைக்கே ஒரு மின்னஞ்சல். பிறகு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு முறையான புகார் கொடுத்து, இறுதிப் பதிலை எழுத்தில் கேளுங்கள். அதற்கும் வழி பிறக்காவிட்டால் ஆம்புட்ஸ்மேன் (நிறுவனத்தைச் சாராமல் புகாரை விசாரிப்பவர்) அல்லது உங்கள் நாட்டில் அந்த வேலையைச் செய்யும் அமைப்பு. பிரிட்டனில் நிறுவனத்துக்கு எட்டு வாரம் அவகாசம், இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போக வேண்டும். இந்தியாவில் ஒரு மாதம் பொறுத்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இரண்டு இடத்திலும் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. வழக்குப் போடுவதற்கான கெடு தனியாக ஓடிக்கொண்டிருக்கும், புகார் கொடுத்ததால் அது நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

புதுப்பிப்பது பற்றி: தகராறு நடக்கிறது என்பதற்காக பாலிசியை காலாவதியாக விடாதீர்கள். பாதி சரி செய்த கூரையோடு இருக்கும் வீட்டுக்கு அடுத்த புயலும் வரலாம். புதுப்பிப்பதால் இந்த க்ளெய்மில் உங்கள் உரிமை குறையாது. வேறு நிறுவனத்துக்கு மாறினால் இந்த சேதத்தையும் க்ளெய்மையும் மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள், மறைத்தால் அடுத்த க்ளெய்மை மறுக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். புதிய பாலிசி தொடங்கிய தேதி எழுத்தில் கைக்கு வந்த பிறகு பழையதை விடுங்கள். காப்பீட்டுத் தொகையை, பொறியாளர் எப்படியும் வரப்போகிறார் அல்லவா, அவரிடமே வீட்டைத் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்று கேட்டு அந்த அளவுக்கு உயர்த்திவிடுங்கள்.