சிங்கப்பூரில் கீழே இறங்கினாலே சாப்பாடு கிடைக்கும்போது, மெனக்கெட்டு வீட்டில் சமைப்பவர்கள் ஏன் சமைக்கிறீர்கள்?

வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது, வாடகை அறையில் சமைக்க அனுமதி உண்டு, ஆனாலும் இது வீண் வேலையோ என்று தோன்றுகிறது என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். நான் 2012-இல் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவன். முதல் மூன்று வருடம் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். இப்போது சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் குடும்பத்தோடு இருக்கிறேன். மனைவி தாதி (நர்ஸ்), வேலைநேரம் மாறி மாறி வரும், அதனால் வீட்டுச் சமையல் பெரும்பாலும் என் கையில்.

வெளிச்சாப்பாட்டைக் குறை சொல்லி இந்தப் பதிலைத் தொடங்க எனக்கு மனம் இல்லை. பல சிறு கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இந்த ஊரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, அது முழுக்கத் தகும். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் விடியற்காலையில் பரோட்டா வீசுபவரின் கையை நான் இன்றும் நின்று பார்ப்பேன். சிக்கனம் என்றும் சொல்ல மாட்டேன். தனி ஆளாக இருந்தால் காய்கறி, எண்ணெய், மசாலா எல்லாம் வாங்கிச் சமைப்பதில் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. நான் சமைப்பதற்குக் காரணம் வேறு. சமைக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த ஊரில் எனக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

மீன் தலைக் கறியை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் மீன் தலைக்கென்று தனிக் குழம்பு கிடையாது. மீன் வாங்கினால் தலையும் அதே சட்டியில் கிடக்கும், அது தாத்தாவுக்குப் போகும், அவ்வளவுதான். இங்கே வந்து பார்த்தால், ஒரு பெரிய தலையே ஒரு சட்டி நிறைய உட்கார்ந்திருக்கிறது, நான்கு பேர் சுற்றி அமர்ந்து சாப்பிடுகிறார்கள். இது கேரளத்திலும் இல்லாத, சீனாவிலும் இல்லாத உணவு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எம்.ஜே. கோமஸ் என்ற மலையாளி சோஃபியா சாலையில் உணவகம் நடத்தியபோது, 1949 வாக்கில், சீன வாடிக்கையாளர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதைக் கவனித்து, அதை நம் பக்கத்துக் குழம்பில் போட்டுக் கொடுத்தார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பிறகு முத்தூஸ் கறி, பனானா லீஃப் அப்போலோ போன்ற கடைகளால் அது ஊர் முழுக்கப் புகழ்பெற்றது. ஒரு சமையல்காரர் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் நாக்கை மதித்ததால் பிறந்த உணவு இது. அதனாலேயே எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். இதை வீட்டில் வைக்கக் கற்றே தீருவது என்று 2016-இல் முடிவெடுத்தேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு ரயில் ஏறினேன். தோபி காட் நிலையத்தில் மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா, வெளியே வந்தால் பஃபலோ சாலை, எதிரே தேக்கா சந்தை. ‘தேக்கா’ நம் சொல் என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன். அது ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழிச் சொல். சிறு மூங்கில்கள் வளர்ந்த அடிவாரம் என்று பொருளாம். சந்தையின் பழைய பெயரோ மலாய், கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். அந்தப் பக்கம் ஒருகாலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த இடம். உள்ளே போனால் மீன் பகுதியில் தரையெல்லாம் தண்ணீர், ஐஸ், நான்கு மொழிச் சத்தம்.

எனக்கு மீன் தெரியும், கடற்கரை ஊர்க்காரன். ஆனால் பெயர் தெரியாமல் தடுமாறினேன். வஞ்சிரம் இங்கே தெங்கிரி, காலா மீன் குராவ், கணவாய் சோத்தோங். மீன் தலைக் கறிக்குப் போடும் சிவப்பு மீன் இக்கான் மேரா, நம் சங்கராவுக்குச் சொந்தம், ஆனால் உடம்பில் பல மடங்கு. அந்த மீன்கடைச் சீன அங்கிளுக்கு அறுபது வயதிருக்கும். நான் மலாய்ப் பெயரைத் தேடிக்கொண்டு நிற்க, அவரே “வஞ்சிரமா? இறாலா?” என்று தமிழில் கேட்டார். தலை வேண்டும் என்றேன். எத்தனை பேருக்கு என்று கேட்டு, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும் தலையை எடுத்து, செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டி, பிறகு இரண்டாகப் பிளந்து கொடுத்தார். அன்று விலை 14 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

அன்றைய குழம்பு தேறவில்லை. செவுளை முழுவதும் எடுக்காமல் விட்டுவிட்டேன், அதனால் கவிச்சி. வெந்தயத்தைக் கருகவிட்டேன், அதனால் கசப்பு. பதற்றத்தில் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டே இருந்ததில் தலை முழுக்க உடைந்து, குழம்பெல்லாம் எலும்பு. மனைவி ஒன்றும் சொல்லாமல் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு ஆசையோடு செய்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “மீன் வெந்ததுக்கு அப்புறம் கரண்டிய உள்ள விடலாமாடா? சட்டியத் துணியால புடிச்சு ஒரு சுத்து சுத்து, போதும்” என்றார். வாழ்நாள் முழுக்க அம்மா அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு மீன்கடை அங்கிளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் காட்டிக் காட்டி விளக்கினார்: செவுள் துளிகூட இருக்கக் கூடாது, முதுகெலும்புக்கு அடியில் உறைந்திருக்கும் கறுப்பு ரத்தத்தை விரலால் சுரண்டி எடுக்க வேண்டும், அப்புறம் கொதிநீரை ஒரு தடவை மேலே ஊற்றி உடனே குளிர்ந்த நீரில் கழுவினால் ஒளிந்திருக்கும் செதில்களும் வழவழப்பும் போய்விடும். கொதிநீர் விஷயம் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் இல்லை. நான் அதற்குப் பின் உப்பும் மஞ்சளும் தடவிப் பத்து நிமிடம் வைக்கிறேன். இரண்டையும் செய்த நாளிலிருந்து கவிச்சி என்ற பேச்சே இல்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்த மூன்றாவது ஆள் எங்கள் மாடியில் நான்கு வீடு தள்ளி இருக்கும் மலாய் மக்சிக் (மலாயில் அத்தை, சித்தி மாதிரி அழைப்பு). நடைபாதையில் நான் வைத்திருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிதான் எங்களை முதலில் பேச வைத்தது. (தொட்டி வைப்பவர்கள் கவனியுங்கள், நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டே வைக்க வேண்டும்.) அவர் வந்து இரண்டு கொத்து கேட்டார். பறித்துக் கொடுத்துவிட்டு, மீன் கறிக்கு நீங்கள் என்ன போடுவீர்கள் என்று நான் கேட்டேன். எலுமிச்சைப்புல் ஒரு தண்டை அடிப்பக்கம் நசுக்கிப் போடு, தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்று, ஊற்றிய பிறகு தளதளவென்று கொதிக்க விடாதே, திரிந்துவிடும் என்றார். எலுமிச்சைப்புல் போடுவதா என்று முதலில் தயங்கினேன். போட்டுப் பார்த்தபின் இன்றுவரை நிறுத்தவில்லை.

இப்போது நான் வைக்கும் முறை இதுதான். நல்லெண்ணெயில் கடுகு, கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை. வெந்தயம் சிவந்ததும் உடனே சின்ன வெங்காயமும் பூண்டும் இஞ்சியும் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கருகும். மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு, மிளகு வறுத்து அரைத்த தூளைப் போட்டு, அடுப்பைக் குறைத்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை விடாமல் வதக்குவேன். பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். தூள் பச்சையாக இருந்தால் பிறகு எவ்வளவு புளி ஊற்றினாலும் சரியாகாது. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, நசுக்கிய எலுமிச்சைப்புல்லையும் போட்டு, கொதித்து மணம் வந்ததும் கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி. காய் பாதி வெந்தபின் தலையை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து மூடினால், பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். தேங்காய்ப்பாலை ஊற்றி, சட்டியை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கி, குறைந்தது ஒரு மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். கன்னத்துச் சதையை என் மகளுக்கு எடுத்து வைப்பேன். கண் எனக்கு.

வாசனை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுக்குமாடியில் சமைக்கிற எல்லோருக்கும் உள்ளூர அந்தப் பயம் உண்டு. நான் இங்கே வருவதற்கு முந்தைய வருடம், 2011-இல், ஒரு பழைய சமரச வழக்கு செய்தியானது. சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை பிடிக்கவில்லை என்று முறையிட, அவர்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கறி சமைப்பது என்று முடிந்ததாம். செய்தியைப் படித்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லா இனத்தவரும் அவரவர் வீட்டில் கறி சமைப்போம் என்று அழைப்பு பரவி, ஏராளமானவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் எதிர்வீட்டுச் சீன ஆன்டி தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கறி வைத்தது அன்றுதானாம். அவரே சொன்னார். இதைக் கேட்டபின் என் பயம் போய்விட்டது. ஆனாலும் கருவாடு வறுக்கிற நாளில் ஆன்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், அவர் தன் துணிகளைக் கொடியிலிருந்து உள்ளே எடுத்து வைப்பார். அது பயத்தால் இல்லை, மரியாதை.

புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு ஒன்றிரண்டு காரியமான விஷயம். இட்லி மாவிலிருந்து தொடங்குங்கள், இந்த ஊர் வெப்பம் அதற்கென்றே அமைந்தது. இரவில்கூட இங்கே பெரும்பாலும் 23 பாகை செல்சியசுக்குக் கீழே போகாது. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்து, படுக்கும்போது சமையலறை மேடையில் வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். குளிரூட்டி ஓடும் அறையில் வைத்தால் புளிக்க நேரமாகும். மசாலாத் தூளை மட்டும் ஊரிலிருந்து மொத்தமாகக் கொண்டுவராதீர்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் கட்டிபிடித்து மணம் போய்விடும். மாதத்துக்கு வேண்டியதை அரைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால், தேக்கா சந்தையிலேயே என்ன குழம்பு, எத்தனை பேருக்கு என்று சொன்னால் அரைத்த மசாலாவை அளந்து கலந்து கொடுக்கும் கடை இருக்கிறது. அங்கே வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை. அந்தக் கடைக்காரர் எதை எவ்வளவு எடுக்கிறார் என்று பார்த்தே நிறையக் கற்கலாம். திங்கட்கிழமை மட்டும் மீன் வாங்கப் போக வேண்டாம், பல கடைகள் மூடியிருக்கும்.

அப்புறம், கேளுங்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முதல் மூன்று வருடம் தாபாவ் (பார்சல் சாப்பாட்டு) பையோடு மின்தூக்கியில் ஏறி இறங்கிய நாட்களில், எங்கள் மாடியில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. சோற்றுப் பொட்டலம் வாங்கும்போது கேட்க ஒன்றும் இருப்பதில்லை, காசு கொடுத்தால் முடிந்தது. ஒரு கட்டு எலுமிச்சைப்புல்லைக் கையில் வைத்துக்கொண்டு விழித்து நின்றால், பக்கத்தில் நிற்கும் யாராவது சொல்லிக்கொடுக்காமல் போவதில்லை.

முதல்முறை குழம்பு சரியாக வந்த அன்று மக்சிக் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். மீனில் ஹலால் கேள்வி பெரிதாக எழாது என்றாலும், பாத்திரத்தைப் பற்றி அவருக்குத் தயக்கம் இருக்கக் கூடாதே என்று, எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பதில்லை, இந்தச் சட்டியும் மீனுக்கு மட்டும்தான் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மூன்று நாள் கழித்து அதே கிண்ணம் குலா மலாக்கா என்ற பனைவெல்லப் பாகு ஊற்றிய சாகோவோடு (ஜவ்வரிசி) திரும்பி வந்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் அம்மாவின் பழக்கம், அது மக்சிக் வீட்டிலும் இருக்கிறது. அந்தக் கிண்ணம் இப்போது எந்த வீட்டுடையது என்று எங்கள் இருவருக்குமே நிச்சயமாகத் தெரியாது.

வரும் ஞாயிறு ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள். மீன்கடை அங்கிளிடம் இரண்டு தலை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அந்த நேரத்தில் தேக்கா பக்கம் வருவதாக இருந்தால் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்தே மீன் பார்க்கலாம். ஏழு மணிக்குள் வாருங்கள், அதன்பின் நல்ல தலைகள் போய்விடும்.