கோவேறு கழுதையை மறந்துவிட்டீர்களே, ஐயா

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. எம்பிபிஎஸ் கைநழுவிப்போனதில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ‘மாட்டு டாக்டர் ஆகவா இத்தனை மதிப்பெண்?’ என்று மைத்துனர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதெல்லாம் ஆண்டுதோறும் கலந்தாய்வு முடிந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் இருப்பதுதான். என்னை நிறுத்தியது வேறொரு வரி: ‘நாட்டின் பாதுகாப்புக்கு வேலை செய்யத்தான் இதைப் படிக்கிறேன் என்கிறாள், எனக்குச் சிரிப்புதான் வருகிறது.’

அதே கடிதத்தில், இருபத்திரண்டு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றதையும், லாரி ஏறாத பனிமலை முகாமுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் வந்தன என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கழுதைக்குக் காய்ச்சல் கண்டால் யார் பார்த்தார்கள் ஐயா?

ரிமவுண்ட் வெட்டரினரி கோர் என்று, ராணுவத்தின் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளவே ஒரு பிரிவு இருக்கிறது. 1779ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடும் பழைய பிரிவு. பயிற்சி மையம் மீரட்டில். வெடிகுண்டை மோப்பம் பிடிக்கும் நாய்கள் பழகுவதும் அங்கேதான். கால்நடை மருத்துவப் பட்டதாரிகளைக் குறுகிய காலப் பணியில் நேரடியாகக் கேப்டனாகவே எடுக்கிறார்கள். நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்த கதவு அண்மையில்தான் பெண்களுக்கும் திறந்தது. இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிடைத்துவிட்டால், மகளுக்கு நீங்கள் சல்யூட் அடிக்கவேண்டியிருக்கும். இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, சசஸ்திர சீமா பல் போன்ற படைகளிலும் கால்நடை மருத்துவருக்கு உதவி கமாண்டன்ட் பதவி உண்டு.

ஆனால் உங்கள் மகள் சொல்வதை நான் புரிந்துகொண்ட வரையில், அவள் சீருடையை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1999 ஆகஸ்டில் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் வயதானவர்கள் சிலர் மூளைக் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். கொசுவால் பரவும் செயின்ட் லூயிஸ் மூளைக் காய்ச்சல் என்று முடிவுகட்டிக் கொசு மருந்து அடிக்கத் தொடங்கினார்கள். அதே கோடையில் நகரத்துக் காகங்கள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்துகொண்டிருந்தன. பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் டிரேசி மெக்னமாரா என்ற கால்நடை நோய்க்குறியியல் மருத்துவர் இருந்தார். காகங்களை அறுத்துப் பார்த்தவர் அவர். பிறகு அவர் காட்சிசாலையிலேயே பூநாரைகளும் சாகத் தொடங்கின. செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளை இப்படிக் கொல்லாது. குதிரைகளைத் தாக்கும் இன்னொரு மூளைக் காய்ச்சல் வைரஸாக இருக்குமோ என்றால், அதற்கு முதலில் பலியாகவேண்டிய ஈமு கோழிகள் திடமாக உலவிக்கொண்டிருந்தன. அப்படியானால் இது வேறு ஏதோ.

இதைச் சொன்னபோது மனித மருத்துவத் தரப்பில் கேட்க ஆளில்லை. பறவை நோய் வேறு, மனித நோய் வேறு என்றார்கள். அவர் விடவில்லை. திசுக்களைக் கால்நடைத் துறை ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஃபோர்ட் டெட்ரிக்கில் உள்ள ராணுவ ஆய்வகத்தின் கதவையும் தட்டினார். கடைசியில் தெரிந்தது, அது வெஸ்ட் நைல் வைரஸ் என்று. அமெரிக்கக் கண்டங்களில் அதற்கு முன் காலடி வைக்காத வைரஸ். அந்த ஆண்டு 62 பேருக்கு வந்தது. ஏழு பேர் இறந்தார்கள். யாராவது வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்களா என்ற சந்தேகம்கூட அப்போது எழுந்தது.

கால்நடை மருத்துவத்தில் தலைமை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். அவருக்குப் பெரிய பதவி இருந்தது என்பதற்காக இல்லை. செத்த காகத்தையும் சாகாத ஈமுவையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தது; பார்த்ததை, கேட்க விருப்பமில்லாதவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் நெஞ்சுரமும் இருந்தது.

அடுத்து உணவு. தமிழில் இங்கே ஒரு சிக்கல். ஏழைக்கு அரிசி கிடைப்பதை உறுதிசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், கடையில் விற்கும் பண்டம் சுத்தமாக இருப்பதை உறுதிசெய்யும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் ‘உணவுப் பாதுகாப்பு’ என்றே பெயர் வைத்துவிட்டோம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: கெட்ட எண்ணத்தோடோ பேராசையாலோ ஒருவர் உணவில் வேண்டுமென்றே எதையாவது கலந்தால் தடுப்பது. அதற்கு நம்மிடம் தனிச்சொல்லே இல்லை. சதியிலிருந்து உணவைக் காப்பது என்று வைத்துக்கொள்வோம்.

2007 மார்ச்சில் அமெரிக்காவில் வீட்டு நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. காரணம், தீவனத்தில் சேர்க்கச் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன். பிளாஸ்டிக் தட்டு செய்ய உதவும் பொருளுக்குத் தீவனத்தில் என்ன வேலை? புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கிறது. மெலமைனில் நைட்ரஜன் அதிகம். ஒரு கைப்பிடி போட்டால் மட்டச் சரக்கும் உயர்ந்த சரக்காகிவிடும். மறு ஆண்டே சீனாவில் தண்ணீர் கலந்த பாலுக்கு இதே வித்தையைச் செய்தார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. ஆறு குழந்தைகள் இறந்தன. நாய் பூனைகள் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே மணி அடித்திருந்தன என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் வேலூர்க்காரர். ராணிப்பேட்டை வழியாக எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்பீர்கள்! அங்கே 1932 முதல் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இயங்குகிறது. வெக்கை நோய்க்கு மருந்து செய்யத் தொடங்கிய இடம். ஊர் ஊராக மாடுகளைச் சாய்த்த அந்த நோய் 2011இல் உலகத்தைவிட்டே ஒழிந்தது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அது ஒன்றுதான். அடைப்பான் நோய்க்கும் ராணிப்பேட்டையில் தடுப்பூசி செய்கிறார்கள். 2001இல் அமெரிக்காவில் தபால் உறைக்குள் பொடியாக வந்து ஐந்து பேரைக் கொன்ற ஆந்த்ராக்ஸ் வேறொன்றுமில்லை, நம் ஊர் ஆடுமாடுகளுக்கு வரும் அதே அடைப்பான்தான்.

மகள் படிக்கப்போகும் நாமக்கல்லையே பாருங்கள். ஒருமுறை மாணவர்கள் சிலரோடு அங்கே ஒரு கோழிப்பண்ணைக்குப் போயிருந்தேன். வாசலிலேயே வண்டியை நிறுத்திச் சக்கரங்களில் மருந்து தெளித்தார்கள். எங்களைச் செருப்போடு கிருமிநாசினித் தொட்டியில் இறங்கி ஏறச் சொன்னார்கள். பண்ணையின் இளம் பெண் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் கேட்ட கேள்வி: “வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறீர்களா?” ஆமாம் என்ற பையனை, வீட்டுக் கோழியின் கிருமியைச் சுமந்து வந்திருக்கலாம் என்று உள்ளே விடவில்லை. அவன் முகம் சுண்டிப்போயிற்று. எங்களோடு வந்த ஆசிரியர் சிபாரிசு செய்துபார்த்தார். அந்தப் பெண் அசையவில்லை. வளைகுடா நாடுகளுக்கு முட்டை ஏற்றுமதியாகும் ஊர் அது. பறவைக் காய்ச்சல் ஒரு பண்ணையில் உறுதியானால், சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கோழிகளை அழிக்கவேண்டும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிக்கவேண்டும், ஏற்றுமதி நின்றுபோகும். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாக அது தலைகாட்டியபோது நாடு முழுக்கக் கோழி விலை படுத்துவிட்டதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இனி பிழைப்பைப் பற்றி. ஐந்தரை ஆண்டுப் படிப்பு, அதில் கடைசி ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. படித்து முடித்ததும் ‘தேசப் பாதுகாப்பு அதிகாரி’ என்று யாரும் நியமன ஆணை நீட்டமாட்டார்கள். பெரும்பாலோர் தேர்வாணையம் எழுதிக் கால்நடை உதவி மருத்துவராகத்தான் தொடங்குகிறார்கள். சினை ஊசி, வாயிலும் காலிலும் புண் வரும் கோமாரி நோய்க்குத் தடுப்பூசி முகாம், பிரேதப் பரிசோதனை என்று நாள் போகும். அதை வீண் என்று எண்ணவேண்டாம். வழக்கத்துக்கு மாறான சாவு எது என்பது ஆயிரம் வழக்கமான சாவுகளைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு பாதை பிரிகிறது. மேற்படிப்பில் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், கொள்ளைநோயியல், கால்நடைப் பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் ஒன்றை எடுக்கலாம். ஆராய்ச்சி பிடித்தால் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு. அதில் தேறினால் பறவைக் காய்ச்சல் மாதிரிகளைச் சோதிக்கும் போபால் உயர் பாதுகாப்பு ஆய்வகம் வரை போகலாம். சென்னை பள்ளிக்கரணையில் மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் விலங்குகளையும் விலங்குப் பொருட்களையும் அங்கே வடிகட்டுகிறார்கள். கடைப் பண்டங்களின் சுத்தத்தைச் சோதிக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கும் இந்தப் பட்டம் செல்லும். நகரத்தில் நாய், பூனை மருத்துவமனை வைப்பவர்கள் இவர்களைவிட அதிகம் சம்பாதிப்பார்கள். அந்த ஆசை நடுவில் வந்தால் மகளைக் குறை சொல்லாதீர்கள்.

கஷ்டத்தையும் மறைக்கக்கூடாது. கோழிகளை அழிக்கும் நாளில் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து ஒழுக நிற்கவேண்டும். வாழ்நாள் முதலீடு குழிக்குள் போவதைப் பார்த்து அழும் பண்ணைக்காரருக்கு அவள்தான் பதில் சொல்லவேண்டும். மாதிரியை ஆய்வுக்கு அனுப்பாமல் இருந்தால் ஊருக்கு நல்லவளாக இருக்கலாம் என்ற அழுத்தமும் வரும். 2001இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள், ராணுவத்தை இறக்கினார்கள், பொதுத்தேர்தலையே தள்ளிவைத்தார்கள். எசெக்ஸ் பகுதி இறைச்சிக்கூடம் ஒன்றில் வழக்கமான சோதனையின்போது பன்றிகளின் உடலில் கொப்புளத்தைக் கவனித்தவர் ஒரு கால்நடை மருத்துவர். அதற்குள் வைரஸ் பல நாட்கள் சுற்றி முடித்திருந்தது. கிருமி தொடங்கிய பண்ணையில் யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே சேர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து. மதிப்பெண் வீணாகவில்லை. நீட் மறுபடி எழுதட்டும் என்று ஓராண்டு வீட்டில் உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அதுவும் அவளே கேட்காதபோது.

கடிதத்தின் ஓரத்தில் உங்கள் மனைவி எழுதிய கேள்விக்கு: சின்ன வயதில் நாய் கடித்த பெண் இதில் தாக்குப்பிடிப்பாளா என்கிறார். பிடிப்பாள். சேர்ந்த உடனே வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். விடுதிக்கு வாங்கும் சாமான்களில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்கவும். பெரிதாக இருந்தால் மாட்டுத் தொழுவச் சேற்றில் பூட்ஸ் அங்கேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும்.