பிள்ளைகளின் காலை உணவில் இனிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐந்து வயது மகன், புட்டில் ஏத்தன்பழமும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தால்தான் சாப்பிடுகிறான். பழத்தின் இனிப்பும் கெடுதலா? (மார்த்தாண்டம்)

பதில்: பழத்தில் குற்றமில்லை, மேலே தூவும் சர்க்கரையைத்தான் விட வேண்டும். முழுப்பழத்தின் இனிப்பு நாரோடு சேர்ந்து மெதுவாக உடலில் சேர்வதால், அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம். தோலில் கரும்புள்ளி விழும் வரை பழுக்கவைத்த ஏத்தன்பழத்துக்குச் சர்க்கரையின் துணை தேவையே இல்லை. ஆனால் புட்டும் பழமும் மட்டும் என்றால் புரதம் குறைந்துவிடும். வாரத்தில் மூன்று நான்கு நாட்களாவது அதே புட்டைச் சிறுபயறோடும் கடலைக்கறியோடும் பழக்குங்கள்.

கேள்வி: என் குழந்தைக்குக் காலையில் என்ன கொடுக்கலாம்? (குலசேகரம்)

பதில்: குழந்தையின் வயது என்ன? எட்டு மாதக் குழந்தைக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. வயது, உத்தேச எடை, இப்போது காலையில் என்ன சாப்பிடுகிறது என்ற மூன்றையும் எழுதுங்கள் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதி அனுப்புங்கள், விரிவாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் அல்லவா? (தக்கலை)

பதில்: கூடாது. கருப்பட்டியில் சில தாதுக்கள் உண்டு. ஆனாலும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. ஒரு கரண்டி கருப்பட்டியை ஒரு கரண்டி சர்க்கரையாகவே கணக்கிடுங்கள்.

கேள்வி: நான்கு வயது மகள் இட்லியோ ஆப்பமோ இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை. ஊட்டச்சத்துப் பொடி கலந்த பாலை மட்டும் காலையில் ஒரு பெரிய டம்ளர் குடித்துவிடுகிறாள். அதில் எல்லாச் சத்தும் இருக்கிறதே, போதாதா? (களியக்காவிளை)

பதில்: போதாது. அந்த டம்ளர்தான் இட்லியைத் தடுக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நான்கு வயதுக் குழந்தையின் வயிறு சிறியது. 200 மில்லி இனிப்புப் பால் உள்ளே போனபின் பசி எங்கிருந்து வரும்?

இந்தப் பொடிகளைப் பற்றி நான் தொடர்ந்து எழுதுவது சிலருக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் என்னிடம் வரும் தாய்மாரில் பலர் இதைச் சத்து என்று நம்பி, வீட்டுச் செலவைச் சுருக்கி, மாதாமாதம் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை வீணாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டப்பாவின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால், அது அந்தப் பொடியின் முக்கியச் சரக்குகளில் ஒன்று என்று பொருள். லிக்விட் குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயர்கள் கீழே தனித்தனியாக நின்றால், அவையும் உடலில் சர்க்கரையாகவே மாறும் சரக்குகள் என்பதால், சர்க்கரையோடு சேர்த்துப் பாருங்கள்.

சந்தையில் உள்ள பல பொடிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. கம்பெனி சொல்லும் ஒரு வேளை அளவு 20 கிராம் என்றால் அதில் 6 அல்லது 7 கிராம். வீட்டில் யாரும் மட்டமாக அளந்து போடுவதில்லை. குவித்துப் போடுவார்கள், ருசிக்கு இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்ப்பார்கள். ஆக ஒரே டம்ளரில் 17, 18 கிராம் ஆகிவிடும். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,300 கலோரி தேவை. சேர்க்கும் சர்க்கரை அதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வரையறுத்தது. அந்த இருபதில் ஒரு பங்கு ஏறக்குறைய 16 கிராம்தான். பள்ளிக்குக் கிளம்புமுன்பே உங்கள் மகளின் முழுநாள் கணக்கு முடிந்துவிடுகிறது.

நமது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்றொரு வகையே இல்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து நீக்குமாறு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அதன் பின்னும் கடைக்காரர் அதே பெயரைச் சொல்லித்தான் எடுத்துத் தருகிறார்.

செய்ய வேண்டியது இதுதான்: பாலை உணவுக்கு முன் கொடுக்காதீர்கள். பொடியையும் சர்க்கரையையும் இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, வெறும் பாலாக அரை டம்ளர், சாப்பிட்டு முடித்தபின் கொடுங்கள். கால்சியம் குறையுமோ என்ற அச்சம் வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கேழ்வரகுப் புட்டோ தோசையோ வாரம் இருமுறை செய்யுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அங்கன்வாடியில் தரும் அமிர்தம் பொடியைக் கூழாகக் குறுக்கும்போது எவ்வளவு சர்க்கரை போட வேண்டும்? (பாறசாலை)

பதில்: ஒன்றும் போட வேண்டாம். கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயாவோடு சர்க்கரையும் அதில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழக அங்கன்வாடிகளில் தரும் சத்துமாவில் வெல்லம் உண்டு. அதற்கும் இதே பதில். இரண்டு வயது வரை வீட்டில் சர்க்கரை சேர்க்கவே கூடாது.

கேள்வி: ஒன்பது மாதக் குழந்தையின் கூழில் மார்த்தாண்டம் தேன் ஒரு சொட்டு விடலாமா? சுத்தமான தேன்தான். (குழித்துறை)

பதில்: ஒரு வயது நிறையும் வரை எந்தத் தேனும், ஒரு சொட்டும் கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் சுத்தமான தேனிலும் இருக்கலாம். கைக்குழந்தையின் குடலுக்கு அவற்றைத் தடுக்கும் வலு இல்லை. மூத்தவர்கள் நாக்கில் தடவ முன்வந்தால் மரியாதையோடு தடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகன் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, சாக்லேட் சீரியல்தான் வேண்டும் என்று அழுகிறான். அறவே நிறுத்திவிடவா? (அருமனை)

பதில்: அறவே நிறுத்தினால் ஏக்கம்தான் கூடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சிறு கிண்ணம், வெறும் பாலோடு, இரண்டு மட்டிப்பழம் நறுக்கிப் போட்டுக் கொடுங்கள். இந்த வகையில் சிலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராம் வரை சர்க்கரை உண்டு. அதனால் இங்கும் பின்பக்கத்தைப் படித்துக் குறைவானதை வாங்குங்கள். 'தோசை தின்றால் சீரியல் தருவேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். தோசை தண்டனையாகவும் சீரியல் பரிசாகவும் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும்.

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அங்கே காலை உணவு தருகிறார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது தேயிலையும் பிஸ்கட்டும் போதுமா? (கருங்கல்)

பதில்: தேயிலை வேண்டாம். அதிலுள்ள டானின், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காமல் தடுக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. அடுத்த மாநிலமான கேரளத்தில் 39. இந்த நிலையில் அவள் வயதுப் பிள்ளைக்குத் தேயிலை பழக்குவது எவ்வகையிலும் சரியல்ல. பிஸ்கட்டும் சர்க்கரையும் மைதாவும்தான். பள்ளியில் உப்புமாவோ, பொங்கலோ, கிச்சடியோ சாம்பாரோடு கிடைக்கும். அதைப் பசியோடு உண்ணட்டும். வீட்டில் ஒரு மட்டிப்பழமும் அரை டம்ளர் பாலும் போதும். பள்ளி விடுமுறை நாட்களில் முட்டையோ பயறோ சேர்த்து முழுக் காலை உணவு கொடுங்கள்.