'விபத்தே நடக்கக் கூடாது' என்பதையே பாதுகாப்பு இலக்காக வைக்கலாமா? வேறு எப்படி வைப்பது?

வைக்கலாம். ஆனால் அதற்குப் பரிசு மட்டும் அறிவித்துவிடாதீர்கள். உலோக உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன், பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் நுழைவாயிலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை இருந்தது. 200 நாள் தாண்டினால் எல்லோருக்கும் பரிசு. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது, உலோகத்தைச் சுழற்றிச் சீவும் லேத் இயந்திரத்தின் பக்கம் போனேன். ஓர் ஆபரேட்டர் இடது கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே பேசிக்கொண்டிருந்தார். எடுக்கச் சொன்னால், ஆள்காட்டி விரலில் துணி, அதற்கு மேல் இன்சுலேஷன் டேப். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கையால் இழுத்திருக்கிறார். இரண்டு நாளாக மறைத்திருக்கிறார். "என்னால எல்லாருக்கும் பரிசு போயிடக் கூடாதுல்ல சார்" என்றார்.

சீவலை இழுக்கும் கொக்கி தொலைந்து மூன்று வாரம் ஆகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. காயத்தை மறைத்ததில் கொக்கி இல்லை என்கிற செய்தியும் மறைந்துபோனது. இப்போது லேத்துக்கு ஒரு கொக்கி, மாட்ட தனி ஆணி. இதற்கு ஆன செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இது சின்ன ஆலையின் கதை மட்டுமில்லை. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். வேலைக்கு வர முடியாத அளவுக்கு யாருக்கும் காயம் படாமல் அந்த மேடையில் ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன. அதைப் பாராட்டவும்தான் அன்று நிர்வாகிகள் அங்கே வந்திருந்தார்கள். வழுக்கி விழுவது, கை நசுங்குவது குறைந்திருந்தால் எண்ணெய்க் கிணற்றுக்குள் இருக்கும் அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு ஆபத்து, வேறு வேறு இலக்கு வேண்டும்.

இன்னொரு சிக்கல் கணக்கில் இருக்கிறது. விபத்து விகிதத்தைப் பெரும்பாலும் 10 லட்சம் வேலை மணி நேரத்துக்கு இத்தனை என்று சொல்வார்கள். 60 பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 மணி என்றால் மொத்தம் 1,20,000 மணி. ஒரே ஒரு விபத்து நடந்தாலும் விகிதம் 8.3, நடக்காவிட்டால் 0. இங்கே போய் 'அடுத்த ஆண்டு பாதியாகக் குறைப்போம்' என்றால் அரை விபத்துதான் நடக்க வேண்டும்! ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யும் இடத்தில் இந்த எண் ஏதாவது சொல்லும். சின்ன இடத்தில் அது வெறும் அதிர்ஷ்டக் கணக்கு.

சரி, எதை வைப்பது? நடந்து முடிந்ததை எண்ணாமல், நடக்காமல் இருக்க என்ன செய்கிறோம் என்பதை எண்ணுங்கள். நாங்கள் முதலில் மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதச் சொன்னோம், ஆளுக்கு மாதம் இரண்டு என்று. பெரிய தப்பு. 30ஆம் தேதி மாலை ஒரே கையெழுத்தில் 'தரையில் தண்ணீர்' என்று சீட்டுகள் குவிந்தன. எண்ணிக்கையை விட்டுவிட்டு, 'எழுதிக் கொடுத்த குறை ஏழு நாளில் சரியாக வேண்டும், முடியாவிட்டால் ஏன் என்று எழுதியவரிடமே நேரில் சொல்ல வேண்டும்' என்று மாற்றினோம். இந்த இலக்கு தொழிலாளியின் தலையில் இல்லை, மேலாளரின் தலையில். சொன்னால் வேலை நடக்கிறது என்று தெரிந்த பிறகு சீட்டு தானாக வந்தது.

'கவனமாக இருப்போம்', 'விழிப்புணர்வை வளர்ப்போம்' வகையறாவை இலக்குப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். சரக்கு ஏற்றும் வாசலில் ஃபோர்க்லிஃப்ட்டும் ஆட்களும் ஒரே வழியில் போகிறார்களா? 'மார்ச் 31க்குள் கம்பித் தடுப்பு போட்டு நடைபாதையைப் பிரிப்பது, பொறுப்பு இன்னார், பணம் ஒதுக்கியாயிற்று' என்று எழுதுங்கள். ஆபத்தையே அகற்ற முடியுமா, முடியாவிட்டால் தடுப்பு போட முடியுமா என்று பார்த்துவிட்டு, ஹெல்மெட்டுக்கும் கையுறைக்கும் கடைசியில் வாருங்கள். பல இடங்களில் கையுறையில்தான் ஆரம்பிக்கிறார்கள். சுழலும் லேத்துக்குப் பக்கத்தில் கையுறையே ஆபத்து, கையோடு சேர்த்து இழுத்துவிடும்.

பூஜ்ஜியம் என்ற இலக்கு பலன் தந்த இடமும் உண்டு. 1987இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் தலைமைக்கு வந்த பால் ஓ'நீல் அதைத்தான் வைத்தார். ஆனால் யாருக்குக் காயம் பட்டாலும் அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும், இனி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறோம் என்பதோடு வர வேண்டும் என்றார். கெட்ட செய்தி மேலே வர வழி வைத்துவிட்டுத்தான் பூஜ்ஜியம் கேட்டார்.

எங்கள் பலகையை எடுத்துவிடவில்லை, எழுத்தை மட்டும் மாற்றினோம். 'ஏழு நாள் தாண்டியும் சரியாகாத குறைகள்' என்று இருக்கிறது. இன்று காலை 4. வெளியாட்கள் வரும் நாளில் அதைத் துணி போட்டு மூடலாமா என்று ஒரு மேலாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.