கையடக்கக் கருவி காட்டும் எண்ணைப் பறவைக்கு நம்பலாமா?

கேள்வி: கூந்தன்குளத்துக்குப் பனிக்காலத்தில் வரும் வரித்தலை வாத்தின் ஹீமோகுளோபினைக் குளக்கரையிலேயே அளக்க முடியுமா? மனிதருக்கு விரலில் குத்திப் பார்க்கும் ஹீமோக்யூ கருவி போதுமா?
- வாசகி, நாங்குநேரி

பதில்: அளக்கலாம். திரையில் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளத்தான் கூடாது. நம் சிவப்பணுவில் உட்கரு இல்லை. பறவையின் சிவப்பணுவில் உண்டு. குவெட்டில் (ரத்தத்தை ஏற்றிக் கருவியில் செருகும் சிறு பிளாஸ்டிக் தகடு) இருக்கும் மருந்து அணுக்களை உடைத்ததும் உட்கருக்கள் சிதறி ரத்தம் கலங்குகிறது. கருவி 570 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்து, கலங்கலுக்காக 880-இல் ஒரு திருத்தம் செய்துகொள்ளும். மனித ரத்தத்துக்கு அது சரி, பறவைக்குப் போதாது. அதனால் எண் கூடுதலாக வரும்: கோழிக்கு டெசிலிட்டருக்குச் சுமார் 1 கிராம். வரித்தலை வாத்துக்கும் கூடுதலாகத்தான் காட்டுகிறது. ஆனால் கோழியின் கணக்கை வாத்துக்குப் போடாதீர்கள். சில மாதிரிகளை ஆய்வகத்தில் சயன்மெத்ஹீமோகுளோபின் முறையிலும் (ஒப்பிடுவதற்கான தர முறை) அளந்து, அந்த இனத்துக்கென்று திருத்தம் கண்டுபிடிக்க வேண்டும். அங்கேயும் உட்கருவைச் சுழற்றி அடியில் தள்ளிவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் 540-இல் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிடும் அளவே தவறு.

களத்தில் கெடுவது பெரும்பாலும் ரத்தம் எடுக்கும்போதுதான். இறக்கையின் உட்பக்கம் முழங்கை ஓரமாக ஓடும் ரத்தக்குழாயில் ஸ்பிரிட் தடவினால், அது உலர்ந்த பிறகே 26 கேஜ் (மெல்லிய) ஊசியால் குத்துங்கள். பிதுக்கினால் திசுநீர் கலந்து எண் இறங்கும். ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) தடவிய குழாயில் ரத்தத்தை ஏற்றி, மெல்லப் புரட்டிக் கலந்து, குவெட்டின் முனையைத் துளியில் வைத்தால் 10 மைக்ரோலிட்டரைத் தானே இழுத்துக்கொள்ளும். ஒரே இழுப்பில் நிரம்ப வேண்டும். குமிழி தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுங்கள். மேலே சொட்டுவிட்டு நிரப்பவே கூடாது. குவெட்டின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். குத்திய இடத்தைப் பஞ்சால் ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். பறவையின் தோல் மெல்லியது, உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

குவெட் டப்பாவை உடனுக்குடன் மூடிவிடுங்கள். குளக்கரை ஈரக்காற்று உள்ளே இருக்கும் மருந்தைக் கெடுக்கும். 30 டிகிரியைத் தாண்டும் வெயிலில் கருவியும் தகராறு செய்யும், நிழல் முக்கியம்.

கேள்வி: ஐ-ஸ்டாட் என்ற கையடக்க ரத்தப் பரிசோதனைக் கருவி ஹீமோகுளோபினும் சொல்கிறதே?

பதில்: சொல்கிறது, ஆனால் அளப்பதில்லை. ரத்தத்தின் மின்கடத்துத் திறனிலிருந்து சிவப்பணு விகிதத்தைக் கணித்து, அதை 0.34 ஆல் பெருக்கித் தருகிறது. பறவையின் பிளாஸ்மாவில் புரதம் குறைவு என்பதால் அடிப்படைக் கணக்கே சறுக்கும். இதற்கு அதை வாங்காதீர்கள்.

கேள்வி: சிட்டுக்குருவியிடம் எவ்வளவு எடுக்கலாம்?

பதில்: உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. 25 கிராம் குருவிக்கு 250 மைக்ரோலிட்டர்; இரண்டு குவெட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். எந்தக் காட்டுப் பறவையைப் பிடிப்பதானாலும் முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள்.