தப்பு மேளத்துக்கும் டிவி கேமுக்கும் என்ன உறவு? கேம் இசை பற்றிக் கேள்வி பதில்

ஹட்டனுக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடியும் நேரத்தில் ஏதாவது ஒரு கேம் இசையை வாசித்துக் காட்டுவது என் பழக்கம். அது எப்படியோ வெளியே பரவி, பிள்ளைகளை விடப் பெரியவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தலவாக்கலை, உயர்தர மாணவர்: அண்ணா, எங்க வீட்டுப் பழைய டிவி கேமில் மொத்தமே டிங் டிங் சத்தம்தான். ஆனா அது மறக்கவே மாட்டேங்குது. இப்ப வர்ற கேமில் பெரிய வாத்தியக் குழுவே இருக்கு, ஒண்ணும் மனசில் நிக்கல. ஏன்?

உங்கள் வீட்டில் இருந்தது பெரும்பாலும் நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாம் பெட்டியின் நகலாக இருக்கும். அந்தப் பெட்டியின் சிப்புக்கு ஐந்தே குரல்கள். மெட்டு பாட இரண்டு. அடியில் முழங்க ஒன்று. அதன் சத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஒன்று பேசும், இல்லாவிட்டால் வாயை மூடும். நாலாவது குரலுக்குச் சுரமே கிடையாது, தகரத்தில் மழை விழுவது போல ஓர் இரைச்சல் மட்டும். அதைப் பொடிப்பொடியாக வெட்டித்தான் மத்தளம் ஆக்கினார்கள். ஐந்தாவது, பதிவு செய்த சின்னச் சத்தம் எதையாவது திருப்பிச் சொல்லும்.

1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமின் மொத்த அளவு 40 கிலோபைட். படம், இசை, விளையாட்டு விதி எல்லாம் அதற்குள். இன்று நீங்கள் போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். இதில் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ என்ன செய்திருக்கிறார் என்று அடுத்த முறை கவனித்துக் கேளுங்கள். மாரியோ தாவும்போது 'டொய்ங்' என்கிறதே, அந்தச் சத்தத்துக்குத் தனிக் குரல் இல்லை. பாடிக்கொண்டிருக்கும் குரல்களில் ஒன்று அந்த நொடி பாட்டை விட்டுவிட்டுத் தாவலுக்குக் குரல் கொடுக்கும். காசு எடுத்தாலும் அதே கதைதான். தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் எட்டுப் பேர் படுப்பது போல, ஒருவர் புரண்டால் மற்றவர் ஒதுங்க வேண்டும். இவ்வளவு நெருக்கடியில் மெட்டு உறுதியாக இல்லாவிட்டால் பாட்டே நிற்காது. அழகுபடுத்தி மறைக்க இடமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நூறு தடவை செத்தோம், நூறு தடவை அதே பாட்டைக் கேட்டோம். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மஸ்கெலியா, தப்புக் கலைஞர்: தம்பி, நான் தலைமுறையா தப்பு அடிக்கிறவன். மகன் போனில் வர்ற கேம் சத்தத்தை இசைன்னு சொல்றான். மெஷின் போடுறதெல்லாம் இசையா?

அண்ணே, வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாசியில் காமன் கூத்து ஆடும்போது நீங்கள் எதைப் பார்த்து அடிக்கிறீர்கள்? ஆடுகிறவரின் காலைத்தானே. ரதியும் மன்மதனும் ஆடும்போது ஓர் அடி, மன்மதன் எரியும் இடத்துக்கு வேறு அடி. ஆடுகிறவர் ஒரு சுற்றை நீட்டினால் நீங்களும் நீட்டுவீர்கள். ஆட்டம் முடியாமல் அடி முடியாது. சினிமாப் பாட்டு அப்படி இல்லை. நாலரை நிமிடம் என்று பதிவு செய்துவிட்டால் நாலரை நிமிடம்தான், நீங்கள் ஆடினாலும் சரி, தூங்கினாலும் சரி.

கேமுக்கு இசை அமைக்கிறவருக்கும் உங்கள் நிலைமைதான். விளையாடுகிறவன் ஓர் அறையில் பத்து நொடி நிற்பானா, அரை மணி நேரம் நிற்பானா, அவருக்குத் தெரியாது. எந்த நிமிடத்தில் சண்டை வரும் என்றும் தெரியாது. ஆனால் இசை மட்டும் அவன் காலைப் பார்த்தே போக வேண்டும்.

1978-ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்று ஒரு கேம் வந்தது. அதில் இருந்தது நாலே நாலு தாழ்ந்த சுரம், இறங்கு வரிசையில், திரும்பத் திரும்ப. எதிரிகளைச் சுடச் சுட அவர்களின் நடை வேகமாகும், அந்த நாலு சுரமும் கூடவே வேகமாகும். அடி ஏற ஏற நெஞ்சு பதறுகிறதே, அதேதான். 1990-ல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டில் யோஷி என்று ஒரு டைனோசர் உண்டு. மாரியோ அதன் முதுகில் ஏறி உட்கார்ந்த கணத்தில், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோடு ஒரு கைத்தாளம் சேர்ந்துகொள்ளும். இறங்கினால் தாளமும் நின்றுவிடும், பாட்டு மட்டும் போகும். மகனிடம் சொல்லி அந்த இடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள், நீங்களே சிரிப்பீர்கள்.

அடுத்த வருடம், 1991-ல், லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மங்கி ஐலண்ட் 2 வந்தது. அதற்காக மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கனல் என்ற இரண்டு பேர் ஐம்யூஸ் என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். நீங்கள் ஒரு வீட்டுக் கதவைத் திறந்தால் பாட்டு 'டக்'கென்று அறுந்து வேறு பாட்டு வராது. ஓடுகிற வரி ஒரு சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருந்து, அங்கிருந்து மெல்லத் திரும்பி அந்த வீட்டுக்குரிய இசைக்குள் போகும். தீர்மானம் என்ற முடிப்பு அடியை வைத்து அடுத்த அடிக்கு மாறுகிறீர்களே, அந்த வித்தைதான். அதைக் கம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மெஷின் இசை அமைக்கவில்லை, அண்ணே. எங்கே என்ன நடந்தால் என்ன அடிப்பது என்று ஒரு மனிதர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார். ஆனாலும் ஒன்றில் நீங்கள்தான் மேலே. ஆடுகிறவர் களைத்துப் போய்விட்டார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து அடியைத் தணிக்கிறீர்களே, அது மெஷினுக்குத் தெரியாது. தப்பைத் தீயில் காய்ச்ச வேண்டிய வேலை அதற்கு இல்லை என்பது வேறு விஷயம்.

கொட்டகலை, பதினாறு வயது: பப்ஜி லொபி பாட்டு செய்தது யார்? மெட்ச்சுக்குள்ள ஏன் பாட்டு வராது?

ஆட்டம் தொடங்கும்வரை காத்திருக்கும் இடம்தானே லொபி, அந்தப் பாட்டு டொம் சால்ட்டா செய்தது. மெட்ச்சுக்குள் பாட்டு போட்டால் பின்னால் வருகிறவனின் காலடிச் சத்தம் உங்களுக்கு எப்படிக் கேட்கும்? அங்கே மௌனம்தான் இசை.

பொகவந்தலாவை, ஒரு தகப்பன்: மகள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும்போது காதில் கேம் இசையைப் போட்டுக்கொள்கிறாள். விடலாமா?

என்ன இசை என்று முதலில் கேளுங்கள். மைன்கிராஃப்ட் என்றால் பயமில்லை. அந்தக் கேமின் ஆரம்ப கால இசை, சி418 என்ற பெயரில் இசை அமைக்கும் டேனியல் ரோசன்ஃபெல்ட் செய்தது. பெரும்பாலும் மெல்லிய பியானோ, பேச்சும் இல்லை, பாட்டு வரியும் இல்லை. கேமுக்குள் அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்காது. வெகுநேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, எதிர்பாராத நேரத்தில் மூடுபனி இறங்குவது போல வந்து போகும். கையால் ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறவரைத் தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்காகவே செய்த இசை அது. கடைசிக் கட்டத்து அரக்கன் சண்டைக்கான இசையைப் போட்டுக்கொண்டு கணக்குப் பாடம் செய்கிறாள் என்றால் மட்டும் கொஞ்சம் பேசிப் பாருங்கள். என் மாணவி ஒருத்தி அப்படித்தான் படித்தாள், பாஸும் ஆனாள். அதனால் நான் சட்டம் போடமாட்டேன்.

அப்புத்தளை, ஆசிரியை: இசையமைப்பாளர்களில் பெண்கள் இருக்கிறார்களா?

நிறைய இருக்கிறார்கள் டீச்சர், ஆரம்பத்திலிருந்தே. 1986-ல் வந்த கேசல்வேனியா கேமின் இசையில் முக்கியப் பங்கு கினுயோ யமஷிதாவுடையது, அப்போதுதான் படிப்பு முடித்து வேலைக்கு வந்திருந்தார். கேம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. 'ஜேம்ஸ் பனானா' என்று ஒரு வேடிக்கைப் பெயர்தான் இருக்கும். அந்தக் காலத்தில் பல நிறுவனங்கள் கலைஞர்களின் சொந்தப் பெயரை வெளியே விடவில்லை. தேயிலைப் பக்கட்டில் கொழுந்து பறித்தவளின் பெயர் இருக்கிறதா என்ன?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தெரிந்திருக்கும், 1991. அதன் பெரும்பாலான மெட்டுக்கள் யோகோ ஷிமோமுராவுடையவை. ஒவ்வொரு வீரருக்கும் அவரவர் நாட்டை நினைவுபடுத்தும் ஒரு மெட்டு. 2023-ல் கிராமி விருதில் கேம் இசைக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது அதை முதலில் வாங்கியவரும் ஒரு பெண்தான், ஸ்டெஃபனி இகோனமு.

நுவரெலியா, தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர்: எங்கள் குழு பாடுவதற்கு ஏற்ற கேம் பாட்டு இருக்கிறதா? கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்படாதீர்கள். உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. 2005-ல் வந்த சிவிலைசேஷன் 4 கேமின் தொடக்கப் பாட்டு, பெயர் 'பாபா யெத்து'. கிறிஸ்டோஃபர் டின் இசை அமைத்தது. சுவாஹிலி மொழியில் இருக்கும் அதன் வரிகள் வேறொன்றுமில்லை, நீங்கள் ஞாயிறுதோறும் சொல்லும் 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' செபம்தான். 2011-ல் கிராமி வாங்கியது. கேமுக்காக எழுதிய இசை ஒன்று கிராமி வாங்கியது அதுதான் முதல் தடவை. ஒருவர் முன்னால் பாட, குழு பின்னால் எடுத்துப் பாடும் அமைப்பு, உங்களுக்குச் சுலபம். மொழி புரியவில்லை என்று யாராவது முறைத்தால் அர்த்தத்தைச் சொல்லுங்கள், அடங்கிவிடுவார்கள்.

ஒரு பாடசாலை விழாவில் நான் நோபுவோ உயேமட்சுவின் மெட்டு ஒன்றை வாசித்தேன். ஃபைனல் ஃபான்டசி கேம்களுக்கு இசை அமைத்தவர், தானாகவே கற்றுக்கொண்டவர். முடிந்ததும் நடுவர் "அருமை, எந்தப் படம்?" என்றார். கேம் என்றேன். புள்ளி குறைந்துவிட்டது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகள் அணிவகுத்து வந்தபோது ஒலித்தது முழுக்க ஜப்பானியக் கேம் இசை, உயேமட்சுவுடையதும் அதில் இருந்தது. அந்த நடுவர் டிவி பார்த்தாரோ என்னவோ.

பதுளை, ஒரு வாசகி: தமிழில் இசை வரும் கேம் ஏதாவது?

'வெண்பா'. 2023-ல் கனடாவிலிருந்து வந்தது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து அங்கே போய்க் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை, விளையாட்டு என்பது சமையல். இட்டலியில் ஆரம்பிக்கும். சமையலறையில் ரேடியோ பாடும். கதையில் வருடங்கள் ஓட ஓட அந்த ரேடியோப் பாட்டின் பாணியும் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா இசை போல மாறிக்கொண்டே வரும். சொல்லாமலே காலம் நகர்ந்துவிட்டது என்று காதுக்குத் தெரிந்துவிடும். ஆல்ஃபா சம்திங் என்ற பெயரில் இயங்குகிறவர் அமைத்த இசை. எல்லாமே புதிதாகச் செய்த பாட்டுக்கள், ஆனால் எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கும். ரொட்டியும் கட்டச்சம்பலும் வரும் மலையகத்துக் கேமுக்கு நானும் உங்களைப் போலக் காத்திருக்கிறேன்.

டிக்கோயா, கீபோர்ட் பழகுபவர்: மாரியோ மெட்டின் ஆரம்பம் எளிதாகத்தான் தெரியுது. வாசித்தால் ஏன் சேராமல் போகிறது?

சுரம் எளிது, தாளம்தான் கள்ளம் செய்கிறது. மத்திய 'சி'யை ச என்று வைத்துக்கொண்டால் வருவது 'க க க ச க ப', பிறகு கீழ் ப. இவ்வளவுதான். எல்லோரும் மூன்று க-வையும் சம இடைவெளியில் தட்டுகிறார்கள். எட்டு வரை எண்ணுங்கள். ஒன்று, இரண்டில் க. மூன்று சும்மா. நாலில் க. ஐந்து சும்மா. ஆறில் ச, ஏழில் க, எட்டு சும்மா. அடுத்த சுற்றில் ஒன்றில் மேல் ப, ஐந்தில் கீழ் ப. முதலில் கீபோர்டைத் தொடாமல் மேசையில் தட்டுங்கள். ஐந்தில் அடிக்கக் கை துடிக்கும், அங்கேதான் விடவேண்டும்.

பண்டாரவளை, இளைஞர்: நானும் கேமுக்கு இசை செய்யலாமா அண்ணா? கையில் காசில்லை.

போனில் இன்டர்நெட் இருந்தால் பீப்பொக்ஸ் போதும், இணையப் பக்கத்திலேயே வேலை செய்யும். கம்பியூட்டர் கிடைத்தால் எல்எம்எம்எஸ். பழைய ஐந்து குரல் சத்தமே வேண்டுமென்றால் ஃபாமிடிரக்கர். மூன்றுக்கும் காசு இல்லை. முப்பது நொடிக்கு ஒரு துண்டு செய்யுங்கள். கடைசிச் சுரமும் முதல் சுரமும் சேரும் இடத்தில் ஒட்டுப்போட்டது தெரியக்கூடாது. அதை இருபது தடவை விடாமல் ஓட்டிக் கேளுங்கள். பதினைந்தாவது தடவையில் உங்களுக்கே எரிச்சல் வந்தால் எங்கேயோ ஒரு சுரம் அதிகமாகக் கத்துகிறது. அதைக் கண்டுபிடித்து எடுத்துவிடுங்கள்.

ஹட்டன், என் வகுப்பு மாணவி: சேர், உங்களுக்குப் பிடித்த கேம் இசை எது? ஒன்றுதான் சொல்லணும்.

மாரியோ தண்ணீருக்குள் நீந்தும் கட்டத்து இசை. மற்றதெல்லாம் ஓட்டமும் தாவலுமாக இருக்கும்போது அது மட்டும் மூன்று மூன்றாக எண்ணும் தாளத்தில் தொட்டில் போல ஆடும். எங்கள் கேம் கேசட் டவுனில் ஒரு கடையில் வாங்கியது, மேலே 9999 கேம் என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது ஏழு. நல்லவேளை, மாரியோ அந்த ஏழில் ஒன்று.

காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஓடிய அம்மா, மழை நாளில் மலையிலிருந்து வந்து நனைந்த படங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் உட்காருவார். டிவியை நிறுத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை, "அந்தத் தண்ணிப் பாட்டைப் போடுடா" என்பார். அந்தக் கட்டத்தை முடித்துவிட்டால் பாட்டு மாறிவிடும். அதனால் மீன் வராத ஒரு மூலையில் மாரியோவைச் சும்மா விட்டுவிடுவேன். ஏறக்குறைய இரண்டு நிமிடம் கிடைக்கும். திரையில் குறைந்துகொண்டே வரும் மிச்ச நேர எண் நூறைத் தொட்டதும் இசை தானாகவே வேகம் பிடிக்கும், கேமில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அம்மா தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "இப்ப எதுக்கு இவன் பறக்குறான், நாளைக்குப் பிரட்டுக்கா போகணும்?" என்பார்.